இரண்டாம் பாதியில் வராத பந்து

என் அத்தை மகன் கோல்கீப்பராக நின்ற ஒரே பெரிய ஆட்டத்தில், எதிரணிக்குப் பயிற்சியாளராக இருந்தது நான். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. வண்டூர்ப் பையன்களின் அணி அவனுடையது, டாலிகஞ்ச் பையன்களின் அணி என்னுடையது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டி. நடந்து இரண்டு வருடம் ஆகிறது. முடிவை இப்போது யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். எட்டுக்குப் பூஜ்யம். பையன்கள் ஆட்டத்தில் அதைவிடப் பெரிய தோல்விகளை இந்த அந்தமான் தீவில் பார்த்திருக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா கொத்தனார். அத்தையைக் கட்டிய மாமா வண்டூரில் டுங்கி வைத்து மீன் பிடிக்கிறார். எஞ்சின் பொருத்திய நீளமான படகை இங்கே எல்லா மொழிக்காரர்களும் டுங்கி என்றுதான் சொல்வோம். இரண்டு வீட்டிலும் சேர்த்து, பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். பிறகு கல்லூரிக்கும் போனேன். பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில், டாலிகஞ்சில் ஒரு பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியர் வேலையும் கிடைத்தது. அதனால் எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். கப்பல் டிக்கெட், மருந்துச் சீட்டு, ஆதார் அட்டையில் தவறாக விழுந்த பெயர், எல்லாம். நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர்கள் என்னை நம்பினார்கள். நான் அச்சில் இருப்பதை நம்பினேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் மாமாவின் வலது கை எஞ்சின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்கள் மடங்காமலே போய்விட்டன. தூண்டில் கயிற்றை இழுக்க இன்னொரு ஆள் வேண்டும். அத்தை மகன் எட்டாம் வகுப்பில் இருந்தான். கணக்கும் இந்தியும் அவனுக்கு ஏறவில்லை. ஆனால் கோலில் நின்றால் வேறு ஆள். கடற்கரையில் இரண்டு கட்டைகளை நட்டுவைத்து விளையாடும்போது, பெரிய ஆட்கள் அடிக்கும் பந்தைக்கூட மணலில் பாய்ந்து விழுந்து பிடிப்பான். எழுந்து வாயிலிருந்து மணலைத் துப்பிவிட்டு, "அடுத்தது" என்பான்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வண்டூர் போனேன். இந்தப் போட்டியிலிருந்து சில பையன்களைத் தேர்ந்தெடுத்து, போர்ட் பிளேரில் விடுதியில் வைத்துப் பயிற்சியும் படிப்பும் தருகிறார்கள் என்று மாமாவிடம் சொன்னேன்.

"ஏலே மருமவனே, பந்து பிடிக்கிறதுக்கு எவனாவது சோறு போடுவானா?" என்றார் மாமா.

"போடுதாங்க மாமா. பத்தாவது வரைக்கும் அங்கயே தங்கிப் படிக்கலாம். ஆட்டத்தைப் பாக்க ரெண்டு பேரு வருவாங்க. பிடிச்ச பையன் பேரை நோட்டுல எழுதிட்டுப் போவாங்க."

"அடுத்த வருசம் பாத்துக்கிட்டா என்ன?"

"அடுத்த வருஷம் வயசு தாண்டிரும்."

அத்தை மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "இவனை எழுதுவாங்களாய்யா?"

"இவன் நிக்கிறதைப் பாத்தாங்கன்னா எழுதுவாங்க அத்தை."

மாமா தன் மடங்காத விரல்களைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"சரி. சனிக்கிழமை நானும் வாரேன். எழுதுனாங்கன்னா போகட்டும், படிக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். எழுதலைன்னா திங்கக்கிழமை காலைல டுங்கியில ஏறிரணும். பொறவு நீ புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு இங்க வரப்பிடாது."

நான் ஒப்புக்கொண்டேன். அவனும் ஒப்புக்கொண்டான்.

வண்டூரும் டாலிகஞ்சும் ஒரே பிரிவில் விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கண்முன்னால் நடக்கட்டும் என்று நினைத்தேன். போனில் அவனிடம் சொன்னபோது சிரித்தான்.

"உங்க டீம் நெறைய அடிக்கும்ல மச்சான்?"

"அடிக்கும்."

"அடிக்கட்டும். எனக்கு வேலை இருக்கும்."

அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டேன். அதுதான் அவன் எனக்குச் சொன்ன முக்கியமான வார்த்தை என்று அப்போது தெரியவில்லை.

அந்தப் போட்டிக்கு முன்பு நான் ஒரு வாரப் பயிற்சியாளர் வகுப்புக்குப் போயிருந்தேன். மெயின்லேண்டிலிருந்து ஒருவர் வந்து நடத்தினார். கடைசி நாளில் ஆளுக்கொரு ஆங்கிலக் கையேடு கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைச் சுருட்டி விசிறிக்கொண்டார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து அகராதி வைத்து முழுக்கப் படித்தேன். ஆட்டம் ஒருதலையாகப் போய்விட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. எதிரணியை அவமானப்படுத்தக் கூடாது. கோல் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பந்தை ஒருவருக்கொருவர் கடத்திப் பழகலாம். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டேன். தோற்றவர்களைப் பார்த்து என் பையன்கள் சிரிப்பது எனக்குப் பிடிக்காது. அதற்கு மருந்து அச்சிலேயே இருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஆட்டம் மூன்று மணிக்கு. இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதற்கு மேல் தாமதிக்க முடியாது. வண்டூர் பஸ் பிந்தி வந்தது. இறங்கியவர்களை எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதினொரு பேர். நன்றாக ஆடக்கூடிய நான்கு பேர் டூரிஸ்ட் படகுகளில் எடுபிடி வேலைக்குப் போய்விட்டார்கள். வந்தவர்களில் இரண்டு பேருக்குக் காலில் ஷூ இல்லை. கூட வந்த ஆசிரியர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று என்னையே கேட்டார்.

அத்தை மகன் கையில் கீப்பர் கிளவுஸ் கிடையாது. தூண்டில் கயிறு இழுக்கப் போடுகிற, உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த வெள்ளைத் துணிக் கையுறைதான். மாமாவுடையது. மணிக்கட்டில் நழுவாமல் இருக்க நைலான் கயிற்றால் கட்டியிருந்தான். மாமா ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்து, மைதானத்தின் எதிர்ப்பக்கம் தனியாக நின்றார். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் தேர்வாளர்கள் இரண்டு பேர். ஒருவர் மடியில் நோட்டு.

முதல் பாதியின் முப்பது நிமிடத்தில் எட்டு கோல் போயிற்று.

ஆனால் எட்டு மட்டுமா போயிருக்க வேண்டும்? பதினைந்து போயிருக்கும். என் ஒன்பதாம் எண் பையனின் காலடியில் விழுந்து ஒன்றை எடுத்தான். இன்னொன்றை விரல் நுனியால் தட்டி மேல் கம்பியில் விட்டான். தலையால் முட்டிய பந்து ஒன்றை முழங்காலால் தடுத்தான். கோல் விழுந்த ஒவ்வொரு முறையும் வலைக்குள் அவனே போய்ப் பந்தை எடுத்து, நடுவட்டத்துக்கு உதைத்து அனுப்பினான். முன்னால் நின்றவர்களை ஒரு வார்த்தை திட்டவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "அரே கீப்பர், ஜா, மச்லி பகட்!" போய் மீன் பிடி என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவுக்கு இந்தி நன்றாகத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காலடிப் பந்தை அவன் எடுத்த பிறகு, நோட்டு வைத்திருந்தவர் பேனாவால் கோலைக் காட்டி அடுத்தவரிடம் ஏதோ சொன்னதைப் பார்த்தேன்.

இடைவேளையில் என் பையன்கள் தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் கொப்பளித்து விளையாடினார்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசி என்று பல வீட்டுப் பையன்கள். அவர்களோடு இந்தியில்தான் பேசுவேன்.

"சார், பந்த்ரா கர்தேங்கே!" என்றான் ஒன்பதாம் எண். பதினைந்து ஆக்கிவிடுவோமாம். இன்னொருவன் அத்தை மகன் விழுவதைப் போல் விழுந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்களை உட்காரவைத்தேன். இனி யாரும் கோல் அடிக்கக் கூடாது, பந்தைக் கடத்த மட்டும் வேண்டும் என்றேன்.

"சார், கோல் டிஃபரன்ஸ்?" என்று கேட்டான் ஒன்பது. இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் அதிக கோல் வித்தியாசம் உள்ளவன் மேலே போவான். அவன் கேட்டது நியாயம்தான்.

"வேண்டாம்."

"கோலுக்கு நேரா பந்து கிடைச்சா?"

"திரும்பி வா."

"கீப்பரே இல்லாம இருந்தா?"

"அப்பவும் திரும்பி வா. அடிச்சா வெளியில உக்காரவைப்பேன்."

தலையை ஆட்டினான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பையன் அவன். நான் எதிர்ப்பக்கம் மாமாவைப் பார்த்தேன். மருமகன் என்ன செய்கிறான் என்று அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் பாதி தொடங்கியது. என் பையன்கள் பந்தைக் கடத்தினார்கள். அழகாகவே கடத்தினார்கள். வண்டூர்ப் பையன்கள் இங்கும் அங்கும் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்துக்கு விளங்கிவிட்டது. யாரோ ஒருவன் தொடங்கினான். "ஏக்! தோ! தீன்!" எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு எண். இருபதைத் தாண்டியபோது விசில் பறந்தது. ஷூ இல்லாத பையன் ஒருவன் நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டான். அவனைச் சுற்றி மூன்று பாஸ் போனது. அதையும் எண்ணினார்கள்.

அத்தை மகன் முதலில் கோல் கோட்டிலேயே குனிந்து தயாராக நின்றான். பிறகு கொஞ்சம் முன்னால் வந்தான். பிறகு கத்தத் தொடங்கினான்.

"அடிங்கலே!"

யாரும் திரும்பவில்லை. அதையே இந்தியில் கத்தினான்.

"மாரோ நா! இதர் மாரோ!"

அப்புறம் என்னைப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "மச்சான்! அடிக்கச் சொல்லுங்க மச்சான்!"

இரண்டு உள்ளங்கைகளையும் தாழ்த்திக் காட்டினேன். பொறு, அமைதியாக இரு என்று. ஆத்திரத்தில் கத்துகிறான், நாளைக்குப் புரிந்துகொள்வான் என்று எண்ணினேன். பக்கத்தில் நின்றவர் கேட்டார், "உங்க ஆளா சார்?" ஆமாம் என்றேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். அவன் கோலை விட்டுவிட்டு ஓடிவந்தான். நேராக நடுவட்டத்துக்கு. பந்து ஒன்பதாம் எண்ணிடம் இருந்தது. அத்தை மகன் காலைப் போட்டான். ஒன்பது இடது பக்கம் பந்தைத் தட்டிவிட்டு அவனைத் தாண்டிப் போனான். முன்னால் யாருமே இல்லை. காலி கோல். கூட்டம் எழுந்துவிட்டது. ஒன்பது ஓடினான், கோல் கோடு வரைக்கும் ஓடினான், கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் பந்தைக் காலால் மிதித்து நிறுத்தினான். என்னைப் பார்த்தான். நான் சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. பந்தைத் திருப்பி உருட்டிக்கொண்டு, கோலுக்கு முதுகைக் காட்டி, மெதுவாக நடுமைதானத்துக்கு வந்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியாது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். அத்தை மகன் நடுவட்டத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒன்பது அவனைத் தாண்டி வரும்போது, அவன் பந்தைப் பறிக்கக்கூட முயலவில்லை. திரும்பி நடந்தே கோலுக்குப் போனான்.

அதற்குப் பிறகு கம்பத்தில் ஒரு கையை ஊன்றி நின்றான். கடைசியில் எங்கள் பையன் ஒருவன் தவறாகத் தட்டிய பந்து தானாக உருண்டு அவனிடம் போயிற்று. குனிந்து எடுத்தான். இரண்டாம் பாதியில் அவன் கைக்கு வந்த பந்து அது ஒன்றுதான். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் என் பையன்களை வரிசையில் நிறுத்திக் கைகொடுக்கவைத்தேன். அதுவும் கையேட்டில் இருந்தது. அத்தை மகன் கையுறையைக் கழற்றாமல் எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

நீலத் தார்ப்பாய்க்கு ஓடினேன். நோட்டுக்காரர் மலையாளி. தமிழும் இந்தியும் கலந்து பேசுவார்.

"சார், வண்டூர் கீப்பர்..."

"ஆமா, நானும் பார்த்தேன். ஃபர்ஸ்ட் ஹாஃப்ல மூணு நல்ல சேவ். அவனைக் குறிச்சு வெச்சேன், பார்." நோட்டைக் காட்டினார். ஓர் எண், பக்கத்தில் கேள்விக்குறி. "செகண்ட் ஹாஃப்ல பார்த்து முடிவு பண்ணலாம்னு இருந்தோம். நீதானே ஒரு ஷாட்கூட வர விடல? எட்டு போயிருக்கு, பிறகு போஸ்ட்டை விட்டு ஓடிவந்தான். நான் என்ன எழுதட்டும், போலோ?"

"நான்தான் சார் அடிக்க வேண்டாம்னு சொன்னேன். அவன் மேல தப்பில்ல."

"உன்னைத் தப்பு சொல்லல. நல்ல மனசு. ஆனா பார்க்காததை எப்படி எழுத?"

மற்றவர் ஏற்கெனவே மறுநாள் ஆட்டத்துக்குப் பக்கம் திருப்பியிருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் மாமா மட்டும் நின்றிருந்தார். பையன்கள் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார்கள். அவன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எழுதலையா?"

"இல்ல மாமா."

"எதுக்கு அடிக்க விடாம பண்ணின?"

"எட்டு கோல் ஆயிருச்சே மாமா. அதுக்கு மேல அடிச்சா பாவம்னு..."

"யாருக்குப் பாவம்?"

நான் பஸ் ஜன்னலைப் பார்த்தேன்.

"எட்டு வாங்கும்போது நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். எனக்கு ஒண்ணும் இல்ல. விழுந்தான், எந்திச்சான், திரும்ப விழுந்தான். பரவால்ல, பய நிக்கான்னு நெனச்சேன். பொறவு அவன் அடி அடின்னு உங்கிட்டல்லா கேட்டான்? பெத்தவன் எனக்கே அது விளங்குச்சு. நீ கையைக் கையைக் காட்டுத." அவர் குரல் உயரவே இல்லை. "படிச்சவன், தெரிஞ்சுதான் செய்வான்னு சும்மா நின்னேன்."

பஸ் கிளம்பியது. அவர் ஓடும் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.

எங்கள் அணி அடுத்த சுற்றுக்குப் போயிற்று. அங்கே ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். எதிரணிப் பயிற்சியாளர் கடைசி நிமிடம் வரை அடிக்கச் சொன்னார். என் கீப்பர் ஆறு விட்டான், பத்துப் பன்னிரண்டு தடுத்தான். முடிந்ததும் அழுதான். அரை மணி நேரம் கழித்து சமோசா தின்றுகொண்டே தன் சேவ்களை நடித்துக் காட்டினான். அவனைத்தான் விடுதிக்கு எழுதிக்கொண்டார்கள். வாழ்த்துச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

வண்டூர் ஆட்டம் முடிந்த அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே அத்தை மகன் டுங்கியில் ஏறிவிட்டான். அத்தை என் அம்மாவிடம் போனில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வாங்கிப் பேசவில்லை. மாமா சொன்னபடி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. அவர் சொன்னதற்காக அல்ல. எந்த முகத்தோடு போவது?

ஐந்து மாதம் கழித்துத்தான் வண்டூர் போனேன். டுங்கி கரையில் நின்றது. மாமா எஞ்சினில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "சாப்பிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அவன் சூரை மீன்களைப் பெட்டியில் அடுக்கி ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தான். கையில் அதே வெள்ளைக் கையுறை, இப்போது வெள்ளையாக இல்லை. தோள் அகன்றிருந்தது. நானும் ஒரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"பந்து விளையாடுதியாடே?"

"எங்க மச்சான். வந்து விழுந்தா தூக்கம்தான்."

இரண்டு பெட்டி நிரப்பினோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன்தான் தொடங்கினான்.

"உங்க ஒம்பதாம் நம்பர் இன்னும் ஆடுதானா?"

"ஆடுதான்."

"அவன் எந்தப் பக்கம் பாக்கானோ அதுக்கு எதிர்ப்பக்கம்தான் அடிப்பான் மச்சான். பாக்குறது ஒரு மூலை, அடிக்கிறது மத்த மூலை. அவன்கிட்ட அஞ்சாவது கோல் வாங்குன பொறவுதான் எனக்குப் பிடிபட்டுச்சு. அதுக்குள்ள முதல் பாதி முடியப்போகுது. ரெண்டாவது பாதியில வரட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்." ஐஸை ஒரு மீனின் செவுளுக்குள் திணித்தான். "ஒண்ணுகூட விட்டிருக்க மாட்டேன்."

"ஏலே, பேச்சு போதும், ஐஸு உருகுது" என்றார் மாமா, படகிலிருந்து.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தான்.

மறுநாள் மாலைப் பயிற்சியில் ஒன்பதாம் எண்ணைத் தனியாக நிறுத்தி, கோலில் அடிக்கச் சொன்னேன். இருபது பந்து. பக்கவாட்டில் நின்று அவன் கண்ணை மட்டும் பார்த்தேன். வலது மூலையைப் பார்த்தான், இடது மூலையில் அடித்தான். இடது மூலையைப் பார்த்தான், வலது மூலையில் அடித்தான். இருபதும் அப்படித்தான். அப்போதே இரண்டு வருடமாக அவனுக்குப் பயிற்சி கொடுத்துவந்தவன் நான். அதுவரை அதைக் கவனித்ததில்லை.